வினைச்சொல் இழந்த மொழி
(மன்றப் பொழிவு)



ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் வினைகளுள் ஒன்று 'டேக்' என்பது. கையால் எடுத்தல், பெறுதல், கொண்டுசெல்லுதல், மருந்து உட்கொள்ளுதல், வண்டியேறிச் செல்லுதல், காலம் பிடித்தல் எனப் பல பொருள்களை அவ் வொரு சொல்லே சுமக்கின்றது. இத்துணை ஆழ வேரூன்றிய அச் சொல், ஆங்கிலேயரின் முன்னோர் வழங்கிய சொல் அன்று என்பதை அறிந்தோர் சிலரே.

பழைய ஆங்கிலத்தில் இப் பொருளுக்கு வழங்கிய சொல் 'நிமன்'. அதன் உடன்பிறப்பாகிய 'நேமன்' செருமன் மொழியில் இன்றும் வாழ்கின்றது. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் தென்மார்க்கு, நார்வே நாடுகளினின்று கடல்வழி வந்த வடவர், இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினர். தொடுதல், பற்றுதல் என்னும் பொருள்களில் அவர் வழங்கிய சொல் 'டாகா'. அதுவே 11ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ஆங்கில எழுத்தில் தலைகாட்டிற்று. பின்னர்த் தெற்கேயும் பரவிற்று.

வந்த சொல் வளர, இருந்த சொல் தேய்ந்தது. 'நிம்' எனக் குறுகி, திருடுதல் என்னும் இழிபொருளில் ஒதுங்கிற்று. சேக்சுபியர் தம் 'ஐந்தாம் என்றி' நாடகத்தில், திருடித் தூக்கிலேறும் படைஞன் ஒருவனுக்கு 'நிம்' என்றே பெயரிட்டார். பின்னர் அவ் வினை பொதுவழக்கினின்று மறைந்தே போயிற்று. மரத்துப்போனதைக் குறிக்கும் 'நம்', விரைவுடையதைக் குறிக்கும் 'நிம்பிள்' என்னும் ஆங்கிலச் சொற்களில் அதன் எச்சம் கிடக்கின்றது. பற்றப்பட்டது என்பதே முன்னதன் முதற்பொருள். இன்று அதனை வழங்கும் ஆங்கிலேயர்க்கும் அவ் வேர் தெரிவதில்லை.

அங்கு ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் தொடங்கியது, இன்று தமிழில் வேறு வடிவில் நிகழ்கின்றது. 'டேக்' என்னும் ஒலியைத் தம் பேச்சில் கலவாதவரும் அதன் வழக்கைக் கலக்கின்றனர். முடிவு செய்தல் 'முடிவு எடுத்தல்' ஆயிற்று. பயிற்சி பெறுதல் 'பயிற்சி எடுத்தல்' ஆயிற்று. ஓய்வு கொள்ளுதல் 'ஓய்வு எடுத்தல்' ஆயிற்று. சொற்கள் தமிழ், அவற்றைக் கோத்த முறை ஆங்கிலம். அயற்சொல்லைக் கண்டு விலக்குதல் எளிது. தமிழுடை உடுத்து வரும் அயல்வழக்கைக் கண்டுகொள்ளுதல் அரிது. தூய தமிழ் முழங்கும் மேடைகளிலும் அது புகுந்துள்ளது.

'எடு' என்பதும் நல்ல தமிழ் வினையே. கல்லை எடுக்கலாம், நூலை எடுக்கலாம். ஆயினும் சினம், துயில், உறவு, ஓய்வு ஆகியவற்றைத் தமிழன் கொள்வானேயன்றி எடுப்பதில்லை. கொள்கை, கோள், கொள்ளை, கொண்டி, கொள்முதல் என ஒரு குடும்பமே அவ் வேரில் தழைத்துள்ளது. பெயர்ச்சொல் ஒன்று வழக்கிழந்தால் ஒரு பொருளின் பெயர் போகும். வினைவேர் ஒன்று வழக்கிழந்தால் இனிக் கிளைக்கவேண்டிய சொற்கள் அனைத்தும் போகும்.

ஆகலின், அன்பர்களே! முடிவு செய்க, பயிற்சி பெறுக, ஓய்வு கொள்க. 'நிமன்' உற்ற கேடு 'கொள்' என்னும் வினைக்கு வாராமற் காத்தல், தமிழ் வழங்குவார் ஒவ்வொருவர்க்கும் கடன்.