ஆபத்துக் காலத்து வைத்தியமும் அதற்குரிய திரவியமும்



அவசர சிகிச்சையில் பல்லாண்டு பழகிய வைத்தியர்களும், கருவிகளை ஆக்கும் பொறியியல் அறிஞர்களும், நிதி நிர்வாகிகளும் ஒருங்கே கூடியுள்ள இக்கருத்தரங்கிற்குத் தலைமை தாங்குகிறேன். நம் விஷயம் அவகாசம் தராத விஷயம்.

நான் பயிற்சி வைத்தியனாயிருந்த காலத்தில், ஓரிரவு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த கொத்தனார் ஒருவரை மேசைமேற் கிடத்தி, தர்மவான் ஒருவர் அளித்திருந்த புத்தம்புதிய ஈ.சி.ஜி. பெட்டியை அருகிழுத்து, கம்பிகளையெல்லாம் பூட்டிய பின்னரே, உள்ளே தாட்சுருள் தீர்ந்திருப்பதைக் கண்டோம். வார்டு வார்டாக ஓடி ஒரு சுருள் இரவல் வாங்கி வந்தோம். பெட்டியின் நெற்றியிலோ கொடையாளியின் பெயர் பித்தளைத் தகட்டில் மின்னிக்கொண்டிருந்தது. கொத்தனார் பிழைத்தது எங்கள் சாமர்த்தியத்தால் அன்று. பெட்டிக்குப் பணம் கொடுக்க ஆள் இருந்தது, சுருளுக்கு இல்லை. நாடா வெட்டித் திறந்து வைக்கத் தாட்சுருள் தகுந்த வஸ்து அல்லவே!

நூதனக் கருவிகளை நான் குறைத்துப் பேசவில்லை. மாரடைப்பால் மாள்வோரிற் பலர் ஆஸ்பத்திரி வாயிலை எட்டுமுன்பே மாள்கின்றனர் என்று உணர்ந்த பிராங்க் பாண்ட்ரிட்ஜ் என்னும் இருதய வைத்தியர், 1966-இல் பெல்பாஸ்ட் நகரில், ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ள மின்னதிர்ச்சிக் கருவியைக் கார் பாட்டரிகளோடு ஆம்புலன்ஸில் ஏற்றி நோயாளியின் வீட்டுக்கே அனுப்பினார். சில ஆண்டுகளில் அக்கருவி சுமார் 3 கிலோவாகச் சுருங்கியது.

ஆயினும் 1967-இல் பிட்ஸ்பர்க் நகரில் தோன்றிய பிரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸின் சரித்திரத்தையே நிதி வழங்குவோர் ஊன்றி நோக்க வேண்டும். போலீஸ் வண்டியிலும் பிணவண்டியிலும் நோயாளிகள் ஏற்றிச் செல்லப்பட்ட அந்நாளில், ஓர் அறக்கட்டளையின் பொருளுதவியோடு, வேலையற்றிருந்த கறுப்பின இளைஞர்களுக்குப் பீட்டர் சாஃபர் என்னும் மயக்க மருந்து நிபுணர் உயர்தரப் பயிற்சியளித்து உருவாக்கிய அச்சேவை, பிற நகரங்கள் பின்பற்றத்தக்க முன்மாதிரியாகியும், 1975-இல் நகராட்சி தனக்கென வேறு சேவையை அமைத்துக்கொண்டு ஒப்பந்தத்தைக் கைவிட்டதும் மறைந்தது. தொடங்கி வைக்கத் தர்மப் பணம் போதும். நாளும் நடத்தத்தான் அது போதாது.

நம் தமிழ்நாட்டு உதாரணம் இன்னும் நுட்பமானது. 2008-இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையையும், ஏழைகளுக்கான அரசாங்கக் காப்பீட்டையும், சிற்றூர் ஆஸ்பத்திரிகளையும், இருதயக் குழாய் சிகிச்சை செய்யவல்ல பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஒரு கிரமத்தில் இணைத்து, 2012 முதல் 2014 வரை 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் ஆராய்ந்தனர். ஆஸ்பத்திரியில் இருக்கையில் நேர்ந்த மரண விகிதம் ஏறக்குறைய மாறவேயில்லை. ஓராண்டு கழித்துக் கணக்கெடுத்தபோதோ, இணைப்பிற்கு முன் நூற்றுக்கு 17.6 ஆக இருந்த மரணம் பின்பு 14.2 ஆகக் குறைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குள் நேர்ந்த மரணக் கணக்கை மட்டும் பார்த்துப் பணத்தை நிறுத்தும் பிரபு எவரேனும் அங்கிருந்திருந்தால், இத்திட்டம் பயனற்றதென்றே தீர்ப்பாகியிருக்கும்.

ஆகையால், இன்று கட்டுரை படிக்கவிருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உங்கள் கருவியின் விலையைச் சொல்லும்போது, அதன் மூன்றாம் ஆண்டுச் செலவையும், அதை இராத்திரி இரண்டு மணிக்கு இயக்கும் செவிலியரின் சம்பளத்தை யார் தருவார் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். முதற் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.