கருவிழி ஓரத்துக் குருத்தணுக்கள்



கண்ணில் சுண்ணாம்பு போன்ற காரம் தெறித்துப் பார்வை இழந்தவர்களுக்காக இன்று பேச வந்திருக்கிறேன். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிதுக்கி விளையாடும் குழந்தைகளும், கட்டட வேலை செய்வோரும், ஆலைகளில் காரம் கையாள்வோரும் இவர்களில் அடங்குவர். அமிலத்தைவிடக் காரம் திசுவுக்குள் ஆழமாக இறங்கும்.

கருவிழியின் மேற்பரப்பு அணுக்கள் ஓயாமல் உதிர்கின்றன; புது அணுக்கள் அந்த இடத்தை நிரப்புகின்றன. கருவிழியும் வெண்விழியும் சந்திக்கும் மெல்லிய வளையமான லிம்பஸ்தான் அவற்றுக்கு நாற்றங்கால். புது அணுக்களை உருவாக்கும் குருத்தணுக்கள் இருப்பது அங்கே. அந்த வளையம் வெந்துபோனால் வெண்விழிச் சவ்வு இரத்தக் குழாய்களோடு கருவிழிமேல் படர்ந்து பார்வையை மறைத்துவிடும். அப்போது தானமாகப் பெற்ற கருவிழியை மட்டும் பொருத்திப் பயனில்லை. அதன் மேற்பரப்பையும் காக்க வேண்டியவை நோயாளியின் குருத்தணுக்கள்; அவைதாம் அழிந்துவிட்டனவே!

1989-இல் கண் மருத்துவர்களான கென்யனும் செங்கும் நல்ல கண்ணின் லிம்பஸ் திசுவை எடுத்துப் பழுதான கண்ணில் பொருத்திய முடிவுகளை வெளியிட்டனர். எடுக்க வேண்டிய திசு அதிகம் என்பதால் நல்ல கண்ணுக்குக் கேடு வருமோ என்ற அச்சம் இருந்தது. 1997-இல் இத்தாலியின் பெல்லெகிரினி குழுவினர் அந்தத் திசுவின் சிறு துணுக்கை ஆய்வகத்தில் வளர்த்துப் பொருத்திக் காட்டினர். இந்த முறையில் சிகிச்சை பெற்ற 112 நோயாளிகளைப் பற்றிய 2010ஆம் ஆண்டு ஆய்வில் 76.6 விழுக்காட்டுக் கண்களில் தெளிந்த மேற்பரப்பு நிலைத்திருந்தது. 2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் ‘ஹோலோக்ளார்’ என்ற பெயரில் இதற்கு அனுமதி தந்தது. ஆனால் தனி ஆய்வகமும் பெருஞ்செலவும் இல்லாமல் இதைச் செய்ய முடியாது.

ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் விரேந்தர் சங்வான் குழுவினர் 2012-இல் வெளியிட்ட முறைக்கு அந்த ஆய்வகம் வேண்டாம். நல்ல கண்ணிலிருந்து ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் சதுரத் துணுக்கு போதும். பழுதான கண்ணில் படர்ந்ததை அகற்றிப் பனிக்குடச் சவ்வைப் போர்த்துகிறார்கள். துணுக்கை எட்டுப் பத்தாக நறுக்கி, பார்வைக்குரிய நடுப்பகுதியை விட்டுச் சுற்றிலும் பைப்ரின் பசையால் ஒட்டுகிறார்கள். அணுக்கள் கண்ணிலேயே பெருகி மேற்பரப்பை மூடுகின்றன. 2016-இல் வெளியான ஆய்வில் 125 நோயாளிகளில் 76 விழுக்காட்டினருக்கு இது வெற்றி தந்தது. அந்த 125 பேரில் 60 பேர் குழந்தைகள்.

விலையுயர்ந்த ஆய்வகத்தில் கிடைத்ததற்கு ஒப்பான பலன் ஓர் அறுவை அரங்கிலேயே கிடைத்திருக்கிறது. ஏழைக்கு எட்டிய மருத்துவமே முழுமையான மருத்துவம் என்பது என் உறுதியான எண்ணம்.

இரு கண்களும் பழுதானவர்களுக்கு எடுக்க நல்ல கண் இல்லை. உறவினரிடமோ கண் தானத்திலோ பெறும் திசுவை உடல் ஏற்க, எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகள் வேண்டும். ஜப்பானில் நோயாளியின் வாய்ச் சவ்வு அணுக்களை வளர்த்துப் பொருத்துகிறார்கள். இளம் மருத்துவர்களே, இந்தத் துறையில் உங்கள் உழைப்பு இன்னும் வேண்டும்.

பெற்றோரே, சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் ஒரு நொடியும் தாமதிக்காமல் சுத்தமான நீரை அரை மணி நேரமாவது கண்ணில் விட்டுக் கழுவுங்கள். பிறகு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.