பூச்செடியை வெட்டாதீர்கள்!

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இன்று பலருக்கு மாலை போடுகிறோம். யாரும் மாலை போடாத ஓர் உழைப்பாளியைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். அதன் பெயர் குளவி. கூரையில் கூடு கட்டிக் கொட்டுமே, அது இல்லீங்க. எறும்பு அளவே இருக்கும் குட்டிக் குளவி.

செம்பனை ஓலை தீய்ந்தது போல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பைப்புழுவின் வேலை. 'ஊலாட் புங்குஸ்' என்றால் எல்லாருக்கும் தெரியும். ஓலைத் துணுக்கால் பை தைத்து, அதற்குள் இருந்துகொண்டே தின்னும். பின்பு அந்துப்பூச்சியாகும். பெண்ணுக்கோ சிறகே கிடையாது. பைக்குள்ளேயே முட்டையிட்டுச் சாகும்.

1950-களின் இறுதியில் மலாயாத் தோட்டங்களில் டி.டி.டி., டீல்ட்ரின் போன்ற கடுமையான மருந்துகளை அடித்தார்கள். புழு ஒழிந்ததா? இல்லை, பெருகியது! புழுவுக்குப் பை கவசம். வெளியே பறக்கும் குளவிக்கு ஏது கவசம்? காவல்காரன் செத்தான், கள்ளன் பிழைத்தான். பி. ஜே. வுட் என்ற பூச்சியியல் அறிஞர் 1960-களில் இதை எடுத்துக் காட்டினார். அந்த மருந்துகளை நிறுத்திய தோட்டங்களில் புழுவும் அடங்கியது.

மருந்துப் பம்பை முதுகில் சுமப்பவர் யார்? நம் அம்மாமாரும் அக்காமாரும்தானே! வீணாக அடிக்கிற மருந்து குளவி மேலே மட்டுமா படுது? அவங்க மேலேயும்தான் படுது.

குளவி என்ன செய்கிறது? பையைத் துளைத்துப் புழுவிடம் முட்டையிடும். அதன் குஞ்சு புழுவைத் தின்றே வளரும். வளர்ந்த குளவிக்கோ பூந்தேன் வேண்டும். அதற்காகத்தான் தோட்டத்துச் சாலையோரம் தர்னெரா, காசியா, இளஞ்சிவப்பு அந்திகோனன் கொடி எல்லாம் நடுகிறார்கள். அழகுக்கு வெச்சதுதானே என்று வெட்டிவிடாதீர்கள். அது காவல்காரனின் சாப்பாட்டுக் கடை!

புழு மிதமிஞ்சிப் போனால் குளவி மட்டும் போதாது. அதற்கு பி.டி. என்ற நுண்ணுயிர் மருந்து இருக்கிறது. ஓலையோடு சேர்த்துத் தின்னும் புழுவை அது கொல்லும்; குளவியை விட்டுவிடும்.

மாணவச் செல்வங்களே, ஓலையில் தொங்கும் பைகள் பத்தை எடுத்து, ஒரு போத்தலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி வையுங்கள். வெளியே வருவது அந்துப்பூச்சியா, குளவியா என்று நாள்தோறும் பாருங்கள், எண்ணி எழுதுங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் நீங்கள் சொல்ல, நாங்கள் கேட்கிறோம்.