அப்பீல் முறையும் தவணையும்
(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)

  

தமிழ் கற்பிக்கும் ஆசிரியனாகிய யான் சட்டத்தைப்பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். வக்கீலுக்குரிய வாதத்தை யான் செய்ய வரவில்லை. எழுத்தறிந்த ஒவ்வொருவனும் தன் குடும்பத்தைக் காக்கும்பொருட்டு அறியவேண்டிய சில விதிகளையே சொல்ல விரும்புகின்றேன். நம்மவருள் நிலத்தை இழந்தோர் பலர் நியாயமில்லாமையால் இழந்தாரல்லர். நாள் கடந்தமையால் இழந்தார்.

பெரிய புராணத்திலே திருவெண்ணெய்நல்லூர் அவையில் நிகழ்ந்த வழக்கை நீங்கள் அறிவீர்கள். சுந்தரர் கிழித்தெறிந்தது படியோலை. மூல ஓலை தம்மிடம் உளது என்றார் முதியவர். அவையத்தார் ஓலையிலுள்ள எழுத்தை ஒப்புநோக்கித் தீர்ப்புரைத்தனர். அத்தீர்ப்புக்குமேல் வேறு முறையீடு இல்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் அமைந்த நீதிஸ்தலங்களோ ஏணியின் படிகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாய் நின்றன. கீழ்ப்படியில் தோற்றவன் மேற்படிக்கு ஏறலாம். ஆனால் ஒவ்வொரு படிக்கும் ஒரு விதியும் ஒரு தவணையும் உண்டு.

சென்னை ராஜதானியில் 1802-ஆம் வருஷத்து ரெகுலேஷன்களால் ஜில்லாக் கோர்ட்டுகளும், அவற்றின்மேல் மாகாண அப்பீல் கோர்ட்டுகளும், யாவற்றிற்கும் மேலாகச் சதர் அதாலத்தும் ஏற்பட்டன. 1816-இல் கிராம முனிசீப்புகளும் ஜில்லா முனிசீப்புகளும் வந்தனர். 1862-இல் சதர் அதாலத்தும், சென்னை நகரத்திலிருந்த பழைய சுப்ரீம் கோர்ட்டும் ஒழிந்து, ஹைகோர்ட்டு நிறுவப்பட்டது. அதற்கும் மேலே, கடலுக்கு அப்பால், லண்டன் நகரத்துப் பிரிவி கவுன்சில் இருந்தது.

1873-ஆம் வருஷத்துச் சென்னைச் சிவில் கோர்ட்டுச் சட்டம் இவ்வேணியைத் தெளிவாக வகுத்தது. முனிசீப்பின் தீர்ப்பின்மேலும் சப் ஜட்ஜின் தீர்ப்பின்மேலும் ஜில்லாக் கோர்ட்டுக்கு அப்பீல். வியாஜ்யத்தின் மதிப்பு 5,000 ரூபாய்க்கு மேற்பட்டால் நேரே ஹைகோர்ட்டுக்கு அப்பீல் என்று அச்சட்டம் அன்று விதித்திருந்தது. ஒரு நீதிபதி வேறு பதவியிலிருந்தபோது தாமே அளித்த டிக்ரியின்மேல் வந்த அப்பீலைத் தாமே விசாரித்தலாகாது என்றும் அச்சட்டம் விதித்தது. இது பொன்னேபோற் போற்றத்தக்க விதி. வருஷத்தில் மொத்தம் இரண்டு மாதத்திற்கு மேற்படாமல் கோர்ட்டுகள் விடுமுறை கொள்ளலாம் என்பதும் அதிலேயே கண்டது.

இனித் தவணையைக் கேளுங்கள். 1908-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, ஜில்லாக் கோர்ட்டுக்கு அப்பீல் செய்ய 30 நாள். ஹைகோர்ட்டுக்கு 90 நாள். அச்சட்டத்தின் இடத்தில் 1963-இல் வேறு சட்டம் வந்தபோதும் இவ்விரண்டு எண்களும் மாறவில்லை. நாள் எண்ணுவது டிக்ரியின் தேதி முதலேயாம். அது நம் காதுக்கு எட்டிய நாள் முதலன்று. டிக்ரியின் நகல் பெறுவதற்கு வேண்டிய காலம் கழிக்கப்படும். ஆனால் நகலுக்கு மனுக்கொடாமல் வீட்டில் வாளா இருந்த நாட்கள் கழிக்கப்படா. தவணை முடியும் நாளிற் கோர்ட்டு மூடியிருந்தால், திறக்கும் நாளிலேயே மனுவைச் சேர்க்கவேண்டும். மறுநாள் சென்றால் தவணை கடந்ததாம். தக்க காரணங் காட்டினால் தாமதத்தை நீதிபதி மன்னிக்கலாம், மன்னித்தே தீரவேண்டுமென்பதில்லை.

அப்பீல் மனுவைக் கொடுத்துவிட்டோம், இனி நிலம் நம் கையைவிட்டுப் போகாது என்று எண்ணுவோர் உளர். அது தவறு. 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டம், அப்பீல் செய்ததனாலேயே டிக்ரி நிறைவேறுதல் நின்றுவிடாது என்கிறது. தடையுத்தரவு தனியே கேட்டுப் பெறவேண்டும். விசாரணைக்குக் குறித்த வாய்தாவில் அப்பீல்காரர் தோன்றாவிடில் அப்பீல் தள்ளப்படலாம்.

எல்லாவற்றினும் முக்கியமானது மற்றொன்று. அப்பீலென்பது வழக்கைப் புதிதாய் நடத்துவதன்று. முதற் கோர்ட்டிலே காட்டாத பத்திரத்தை மேற்கோர்ட்டிலே காட்ட நினைத்தால், சட்டம் சில காரணங்களுக்கே அதற்கு இடந்தரும். இரண்டாம் அப்பீலிலோ சட்ட விஷயமன்றி உண்மை விஷயத்தைப் பேச இடமில்லை. கீழ்க்கோர்ட்டு சாட்சியத்தை எவ்வளவு பிழைபட மதித்திருந்தாலும், அப்பிழை மாத்திரமே இரண்டாம் அப்பீலுக்குக் காரணமாகாதென்று 1890-இல் பிரிவி கவுன்சில் துர்க்கா சௌதராயின் என்னும் அம்மையார் வழக்கிலே தீர்த்தது. ஆதலால் பட்டா, கிரயப் பத்திரம், வரி ரசீது யாவும் அடிப்படியிலேயே வெளிவரவேண்டும். வேரிலே வாராத நீர் நுனியிலே வருமோ?

பொறுமையுடன் மேற்படி ஏறி வென்றோரும் உளர். சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் 1829-இல் இறந்தார். ஜமீன் யாருக்கென்ற வழக்கு, பிரிவி கவுன்சில் 1863-இல் அவர் குமாரத்தி காட்டம நாச்சியாருக்குச் சாதகமாகத் தீர்க்கும்வரையில் ஓயவில்லை. கூட்டுக் குடும்பத்தில் இருந்தவராயினும், அவருடைய சுயார்ஜிதமான ஜமீன் தமையன் வழியினர்க்குச் செல்லாமல் மகளுக்கே சேருமென்பது அத்தீர்ப்பின் சாரம். பெண்மக்களின் உரிமையை நிலைநாட்டிய வழக்கு அது. ஆயினும் இடையிற் கழிந்தவை 34 வருஷங்கள்! ஜமீன் தாங்கிய செலவை நாலு காணி நிலமுள்ள குடும்பம் தாங்குமோ? அப்பீல் மனுவுக்கும் மதிப்புக்குத் தக்க கட்டணம் செலுத்தவேண்டும். அண்ணனுந் தம்பியும் பாகத்துக்காக வழக்காடிப் பாகத்தையே கட்டணமாக்கிவிடுதல் அறிவுடைமையன்று.

ஆகவே சமாதானம் நன்று. ஆனால் அதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இரு கட்சியாரும் உடன்பட்டுப் பெற்ற டிக்ரியின்மேல் அப்பீல் இல்லை. ஆதலால் ராஜிப் பத்திரத்திற் கையெழுத்திடுமுன் ஒவ்வொரு வரியையும் படிக்கக் கேளுங்கள். விதவையரும் எழுத்தறியாதாரும் பெருவிரல் வைக்குமுன், தம்மேல் அன்புடைய ஒருவரைக்கொண்டு படிப்பித்துக் கேட்பது அவசியம்.

1949-இல் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் செய்யும் முறை ஒழிந்தது. இப்பொழுது கடல் கடக்கவேண்டுவதில்லை. 1908-ஆம் வருஷத்து நடைமுறைச் சட்டமோ பல திருத்தங்களுடன் இன்னும் நடைபெற்று வருகின்றது. எனவே இவற்றைப் பழங்கதையென்று தள்ளுதலாகாது.

முடிவாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்திற் கல்வி கற்ற இளைஞர் பலர் இருக்கின்றனர். ஊருக்கு இருவர் முன்வந்து, நம்மவர் எவர்க்கேனும் தீர்ப்பு வந்த அன்றே அதைப் படித்துச் சொல்லி, நகலுக்கு மனுக்கொடுக்கச் செய்து, தவணை முடியும் நாளை அவர் வீட்டுப் பஞ்சாங்கத்திலே குறித்து வைப்பார்களாயின், அதனினும் சிறந்த குலசேவை வேறில்லை. இதற்குப் பணம் வேண்டுவதில்லை; ஒரு நாளும் ஒரு நடையுமே வேண்டும்.