லேசரும் வைத்தியமும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது லேசர் என்னும் ஒளியைப் பற்றியதாகும். "கண்ணுக்கு லேசர் வைத்தார்கள்", "கல்லை லேசரால் உடைத்தார்கள்" என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அது என்னவென்று கேட்டால், விபூதி பூசினால் தலைவலி போகும் என்கிறவர் எந்தத் தொனியில் சொல்லுகிறாரோ, அதே தொனியில்தான் படித்தவர்களிலும் பலர் பதில் சொல்லுகிறார்கள். ஒரு மந்திரத்தை விட்டு மற்றொரு மந்திரத்தைப் பிடித்துக்கொள்ளுவதில் நமக்கு என்ன லாபம்? ஆகையால் அதிலுள்ள சங்கதியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

லேசர் என்பது ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துக்களைச் சேர்த்துச் செய்த வார்த்தை. தூண்டிவிட்டு வெளிவரச் செய்த கதிரைக்கொண்டு ஒளியைப் பெருக்குதல் என்பது அதன் பொருள். அந்தத் தூண்டுதல்தான் இதில் முக்கியமானது.

சாதாரண விளக்கில் என்ன நடக்கின்றது? அணு, சக்தியைப் பெற்று மேல்நிலைக்குப் போகின்றது. பிறகு தானாக இறங்கும்போது அந்தச் சக்தியை ஓர் ஒளித்துளியாக விட்டுவிடுகின்றது. எந்த அணு எப்போது இறங்கும், அதன் ஒளி எந்தப் பக்கம் போகும் என்பதற்கு ஒழுங்கே கிடையாது. சந்தையில் ஆளுக்கொரு பக்கம் கூவுவது போலத்தான். 1917-ல் அய்ன்ஸ்டைன், இறங்குவதற்கு வேறொரு வழியும் உண்டு என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மேல்நிலையிலுள்ள அணுவைப் பொருத்தமான சக்தியுள்ள ஒளித்துளி ஒன்று தொட்டுக்கொண்டு போனால், அவ்வணு இறங்கி, நிறத்திலும் திசையிலும் அலையின் ஏற்ற இறக்கத்திலும் அதைப்போன்றே மற்றொரு துளியை விடும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும்.

இவ்வளவுதான் என்றால் இதைச் செய்துகாட்ட ஏன் 43 வருஷம் ஆயிற்று? கீழ்நிலையிலுள்ள அணு, வந்த துளியை விழுங்கிவிடும். இயற்கையாக விட்டால் கீழ்நிலையில் இருப்பவையே அதிகம். ஆதலால் வரவைவிடச் செலவு மிஞ்சிப் போகும். மேலே இருப்பவை அதிகமாகும்படி வெளியிலிருந்து சக்தியைத் திணித்தாக வேண்டும். 1960 மே மாதத்தில் அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பவர், செயற்கையாக வளர்த்த ஒரு கெம்புக் கட்டையைச் சுற்றிச் சுருளான பளிச்சு விளக்கை வைத்து இதைச் செய்தார். கட்டையின் இரு முனைகளிலும் வெள்ளிப்பூச்சு. ஒளி அவற்றுக்கிடையே போய்வந்து பெருகி, ஒரு முனையில் விட்டிருந்த வழியே சிவப்புக் கதிராக வெளிவந்தது. கெம்பு சூரியனுக்குரிய கல் என்று சொல்லி மோதிரத்தில் வைத்து விற்பவர்கள் நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது அதிலிருந்து ஒரு கீற்று வெளிச்சம் கிடைத்ததுண்டா?

இனி வைத்தியத்துக்கு வருவோம். நோய் தீர்க்கும் குணம் என்று இந்த ஒளியில் தனியாக ஒன்றும் கிடையாது. ஒளி ஒரு பொருளைத் தடையின்றிக் கடந்து போய்விட்டால் அங்கே ஒன்றும் நடவாது. எது அதை விழுங்குகின்றதோ, அங்கேதான் வேலை நடக்கும். எந்த நிறத்தை உடம்பில் எது விழுங்குகின்றது, எவ்வளவு நேரம் விடுவது என்பதில்தான் இந்த வைத்தியத்தின் சூட்சுமம் அடங்கியிருக்கின்றது.

கரியமில வாயு லேசரை 1964-ல் பெல் ஆராய்ச்சிச் சாலையில் குமார் பட்டேல் என்பவர் செய்தார். அதன் கதிர் கண்ணுக்குத் தெரியாது. அலைநீளம் 10,600 நானோ மீட்டர். தண்ணீர் அதை உடனே விழுங்கும். நம் தசையில் பெரும்பகுதி தண்ணீரே ஆனதால், பட்ட இடம் ஆவியாகிப் போகின்றது, கதிர் கத்தியாகின்றது. அதையே கண்ணில் விட்டால் முன்புறத்துத் தெளிந்த படலத்திலேயே நின்று சுட்டுவிடும். ஆர்கான் வாயு லேசரின் பச்சை ஒளியோ, 514 நானோ மீட்டர் உள்ளது, அந்தப் படலத்தையும் லென்சையும் ஒன்றும் செய்யாமல் தாண்டிப் போய், விழித்திரையின் கருநிறத்திலும் இரத்தத்திலும் தங்கிச் சுடுகின்றது. கண்ணை அறுக்காமலே கண்ணுக்குள் வேலை முடிகின்றது.

மூன்றாவது வகை சுடுவதே இல்லை எனலாம். 193 நானோ மீட்டர் கொண்ட புறஊதா ஒளியின் ஒவ்வொரு துளிக்கும் அணுக்களைச் சேர்த்துக் கட்டியிருக்கும் கட்டையே அறுக்கும் சக்தி உண்டு. 1981-ல் அய்.பி.எம். ஆராய்ச்சிச் சாலையில், சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசனும், ஜேம்ஸ் வின், சாமுவேல் புளும் ஆகிய தோழர்களும், பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் மீது இதை விட்டுப் பார்த்தார்கள். சுற்றிலும் கருகாமல் சுத்தமாக வெட்டியிருந்தது. எச்சில், தீட்டு என்று பார்க்கிற ஆசாரக்காரர் கையில் அந்தக் கறி அகப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும்! ஒரு துடிப்புக்குச் சுமார் கால் மைக்ரான் கனமே போகும் என்பதால், கண்ணாடி அணியும் தேவை நீங்கும்படி கண்ணின் முன்படலத்தைச் செதுக்க இன்று அது உதவுகின்றது.

இவ்வளவும் சொல்லக் காரணம் சர்க்கரை வியாதியாகும். அது நீடித்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெட்டு, புதுக் குழாய்கள் தாறுமாறாக முளைத்து, இரத்தம் கசிந்து பார்வை போகின்றது. விழித்திரையின் ஓரங்களில் நூற்றுக்கணக்கான புள்ளிகளைச் சுட்டு வைத்தால் பிராணவாயுவுக்குத் தவிக்கும் பகுதி குறைந்து, புதுக் குழாய்கள் சுருங்குகின்றன. இது மெய்தானா என்பதை 1970-களில் அமெரிக்காவில் 1,700-க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஒருவருடைய இரு கண்களில் ஒன்றுக்கு மட்டும் ஆர்கான் லேசராலோ செனான் விளக்காலோ சிகிச்சை. எந்தக் கண் என்பதை வைத்தியர் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். சிகிச்சை பெற்ற கண்களில் கடும் பார்வையிழப்பு பாதிக்குமேல் குறைந்திருப்பது தெரிந்ததும், 1976-ல் திட்டத்தை மாற்றி, அபாயத்திலிருந்த மறு கண்ணுக்கும் சிகிச்சை செய்ய இடம் கொடுத்தார்கள்.

நம்மவர்கள் வெள்ளியில் கண்மலர் செய்து உண்டியலில் போடுகிறார்கள். பார்வை தெளிந்தால் அம்மன் மகிமை, தெளியாவிட்டால் தலைவிதி. போட்டும் குருடானவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கோவிலாவது கணக்கு வைத்திருக்கின்றதா? லேசருக்கும் இதே கேள்வியைப் போடத்தான் வேண்டும். போன பார்வையை அது மீட்டுத் தராது, இருப்பதைக் காக்கும். சுட்ட புள்ளிகள் சுட்டவையே. பக்கப் பார்வையும் இருட்டுப் பார்வையும் சிலருக்குக் குறையும். இப்போது கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகளும் வந்திருக்கின்றன; எதைச் செய்வது என்பது கண்ணின் நிலையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது. வழுக்கை, மூட்டுவலி, மூலம் எல்லாவற்றுக்கும் "லேசர்" என்று பலகை மாட்டியிருப்பவரிடம் போனால், எந்த நிறம், அதை உடம்பில் எது விழுங்குகின்றது, செய்யாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது உண்டா என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

திருவிழாக் கடைகளில் விற்கும் லேசர் பேனாவையும் பிள்ளைகள் கண்ணுக்கு நேரே பிடிக்க விடாதீர்கள். சிறிய சக்திதான் என்றாலும், கண்ணின் லென்சு அதையெல்லாம் விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவித்துவிடும்.

சர்க்கரை வியாதியுள்ளவர்கள், பார்வை நன்றாயிருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைக் காட்ட வேண்டும். பார்வை மங்கிய பிறகு போவது பெரும்பாலும் தாமதமாகும். பாப்பா விரிய மருந்து விடுவதால் சில மணி நேரம் கண் கூசும். துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிப் போங்கள். சந்தேகமுள்ள தோழர்கள் இப்போது எழுந்து கேட்கலாம்.