எலிகள் புகட்டும் பாடம்
(மாங்கேணியில் நடைபெற்ற மன்ற ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)



விதை நெல் தெரிவு செய்வதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நல்ல கதிரை ஒதுக்கிவைத்து மறுபோகத்துக்கு விதைக்கின்றோம். அறிவையும் இவ்வாறு தெரிந்தெடுத்து வளர்க்க முடியுமா?

1920களில் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் றொபேட் திறையன் என்னும் உளநூலறிஞர் இதனை எலிகளைக் கொண்டு ஆராயத் தொடங்கினார். முட்டுவழிகள் பல கொண்ட சிக்கற்பாதையில் எலிகளை ஓடவிட்டார். கடைசியில் உணவு இருக்கும். குறைவாகத் தவறியவற்றை ஒன்றோடொன்றும், மிகுதியாகத் தவறியவற்றை ஒன்றோடொன்றும் இணைசேர்த்தார். ஏழாந் தலைமுறையளவில் இருவகையும் ஏறக்குறைய முற்றாகப் பிரிந்துவிட்டன. முன்னவை கூரியவை, பின்னவை மந்தமானவை எனப் பெயர் பெற்றன.

"எல்லாம் பிறவிக் குணந்தானே" என்று சொல்லத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். 1949ல் சேள் என்பவர் அதே மந்த எலிகளை வேறு சோதனைகளுக்கு உட்படுத்தினார். சிலவற்றில் அவை சமமாகவும், சிலவற்றில் மேலாகவும் விளங்கின. ஆகவே திறையன் தெரிந்தெடுத்தது பொதுவான அறிவை அன்று. குறித்த ஒரு பாதையில் ஓடும் திறமையையே.

1958ல் கனடாவில் கூப்பரும் சூபெக்கும் இவ்வாறே பிரித்து வளர்த்த வேறு எலிகளை எடுத்தனர். சாதாரணக் கூட்டில் வளர்ந்த கூரியவை சராசரி 117 பிழை விட்டன, மந்தமானவை 164. சுரங்கவழியும் விளையாட்டுப் பொருள்களும் நிறைந்த கூட்டில் வளர்ந்தபோதோ, மந்தமானவையும் 120 பிழையளவுக்கு இறங்கின. ஒன்றுமற்ற வெறுங்கூட்டில் வளர்ந்தபோது இருவகையும் ஒரேபடியாக 170 அளவில் தவறின. நீர் பாயாத வட்டையில் நல்ல விதையும் பொய்த்துப்போகும் அல்லவா?

இன்னொன்றும் கேளுங்கள். 1963ல் றோசந்தால், போட் என்னும் இருவர் ஒரேவகை எலிகளை மாணவர்களிடம் கொடுத்து, சிலருக்கு "இவை கூரியவை" என்றும், சிலருக்கு "இவை மந்தமானவை" என்றும் கூறினர். வேறுபாடு பெயரில் மட்டுமே. ஆயினும் கூரியவை எனப்பட்டவையே நன்றாகக் கற்றன! பழக்கியவரின் நம்பிக்கை எலியையும் மாற்றியது.

எலிக்கே இப்படியென்றால், நம் பிள்ளைகளுக்கு எப்படி? ஒரு சோதனையில் தவறிய பையனை "மொக்கன்" என்கிறோம். "தோணிக்குப் போகட்டும்" என்று பள்ளியை நிறுத்துகிறோம். தோணித் தொழில் இழிவன்று. காற்றும் நீரோட்டமும் அறிந்தவனுக்கே அது கைவரும். ஆனால் அவனை மொக்கன் என்று தீர்த்துவிட நாம் யார்?

பரம்பரை இல்லையென்று நான் கூறவில்லை. அதை மாற்ற நம்மால் இயலாது. கூட்டை மாற்ற இயலும். எனவே மன்றத்து இளைஞர்களே, மாலையில் ஒரு விளக்கும், சில நூல்களும், பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் ஒருவரும் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்க வழிசெய்யுங்கள். பெரியோர்களே, அந்த ஒரு சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள்.