வழி தவறிய கடிதம்

ஒருவருடைய குற்றத்தை அவர் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்வதை இடித்துரைத்தல் என்பர். அதே குற்றத்தை அவர் இல்லாத இடத்திற் சொன்னால் அது புறங்கூறல். சொல் ஒன்றாகவே இருக்கலாம். முதலிற் கேட்பவர் யார் என்பதிலேதான் வேற்றுமை.

கிறிஸ்தவ சபை இந்த வேற்றுமையைத் தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. குற்றஞ் செய்த சகோதரனிடம் முதலிலே தனியாகச் செல்ல வேண்டும். அவன் செவிசாய்க்காவிடில் ஓரிருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். அதற்கும் இணங்காவிட்டாற்றான் சபைக்கு அறிவிக்க வேண்டும் என்று மத்தேயுவின் சுவிசேஷம் 18ஆம் அதிகாரம் முறை வகுத்திருக்கிறது. வழக்கில் வெல்வதற்கு வகுத்த முறையன்று அது. சகோதரனை மீட்டுக்கொள்வதற்கு வகுத்தது.

ஆனால், பவுல் அப்போஸ்தலர் அந்தியோகியா நகரில் வேறுவிதமாக நடந்துகொண்டார். யூதரல்லாத விசுவாசிகளுடன் ஒரே பந்தியில் உண்டு வந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்து சேர்ந்ததும் அவர்களுக்கு அஞ்சி ஒதுங்கினார். மற்ற யூதரும் ஒதுங்கினர். பர்னபாவும் அவ்வழியே சென்றார். பவுல் எல்லாருக்கும் முன்பாகவே பேதுருவைக் கடிந்துகொண்டார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் அவரே இதைச் சொல்லுகிறார். பலர் காணப் பந்தி பிரிந்தது. பிரிந்த பந்தியை அறைக்குள்ளே இரகசியமாகப் பேசிச் சேர்த்துவிட முடியாது.

தலைமை அப்போஸ்தலர் இருவர் பிணங்கினர் என்பது பிற்காலத்து அறிஞர் பலருக்குக் கூச்சத்தைத் தந்தது. பெத்லகேமில் வாழ்ந்த ஜெரோம், கி.பி. 386ஆம் ஆண்டையொட்டிக் கலாத்தியர் நிருபத்துக்கு எழுதிய உரையிலே, அது மெய்யான பிணக்கன்று, பிறர் திருந்துவதற்காக இருவரும் மேற்கொண்ட பாவனையே என்று விளக்கம் கூறினார். பெரியோரின் மானத்தைக் காக்க எழுந்த விளக்கந்தான். எனினும் அதன் விலை பெரிது. வட ஆபிரிக்காவில் ஹிப்போ நகரிலே குருவாயிருந்த அகுஸ்தீனார் அதைக் கண்டார். வேதத்தில் ஓரிடத்திலே பாவனைக்கு இடங்கொடுத்தால் மற்ற இடங்களை எவன் நம்புவான் என்பது அவர் கேள்வி.

395ஆம் ஆண்டையொட்டி அவர் ஜெரோமுக்குக் கடிதம் எழுதினார். முறைப்படி, உரியவருக்கே எழுதினார். கடிதத்தைக் கொண்டுசெல்ல இருந்தவரோ ஆயராகத் தெரிந்தெடுக்கப்பட்டு, விரைவிலே இறந்தும் போனார். சில ஆண்டுகளின் பின் அகுஸ்தீனார் மறுபடியும் எழுதினார். கூறியதை ஜெரோம் வெளிப்படையாக மீட்டுக்கொள்ள வேண்டும் என்றும் இம்முறை கேட்டார். இதைப் பெற்றுக்கொண்டவர் கடற்பயணத்துக்கு அஞ்சிப் புறப்படவேயில்லை. ஆள் தங்கிவிட்டார், கடிதம் தங்கவில்லை. அதன் பிரதிகள் உரோமாபுரியிலும் இத்தாலியிலும் கைமாறின. பெத்லகேமிலிருந்தவரைத் தவிரப் பலரும் படித்தனர். ஆதிரியக் கடலிலுள்ள ஒரு தீவிலே உதவிக்குரு ஒருவர் கண்ட பிரதியின் வழியாகவே ஜெரோம் அதை அறிந்தார். அதிலே கையொப்பமும் இல்லை.

அகுஸ்தீனார் எழுதியது இடித்துரை. ஜெரோமை வந்தடைந்தது புறங்கூற்று. வயதில் மூத்தவரும் இயல்பிலேயே கடுஞ்சினத்தவருமான ஜெரோம் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை. கடிதம் உம்முடையதாயின் ஒளிக்காமற் சொல்லும் என்று கேட்டார். முதியவரைத் தாக்கிப் புகழ் தேடுகிறார் இந்த ஆயர் என்று அவர் பக்கத்தில் முணுமுணுப்பவர்களும் இருந்தனர். களைத்த எருது அழுத்தமாகவே கால் ஊன்றும் என்னும் பழமொழியையும் ஜெரோம் நினைவூட்டினார்.

இங்கேதான் அகுஸ்தீனாரின் தன்மை வெளிப்பட்டது. ஜெரோமின் மனம் புண்பட்டதற்கு அவர் மன்னிப்புக் கேட்டார். தம் எழுத்திலே பிழை இருந்தால் திருத்துமாறும் வேண்டினார். ஆனால் எடுத்த பொருளை விட்டுக்கொடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்பவர் வாதத்தையும் விட்டுவிட வேண்டும் என்று எண்ணுவோர் பலர். அவர் அப்படி எண்ணவில்லை. 405ஆம் ஆண்டளவில் எழுதிய நீண்ட கடிதத்திலே அந்தியோகியாவுக்கு மீண்டு வந்து, பவுலின் துணிவைக் காட்டிலும், பின்வந்தவர் ஒருவருடைய கண்டிப்பை ஏற்றுக்கொண்ட பேதுருவின் பணிவே அரியது என்றார். பேதுரு என்ன மறுமொழி சொன்னார் என்பதை நிருபம் கூறவில்லை; அந்த மௌனத்தை அகுஸ்தீனார் பணிவாகக் கொண்டார்.

இருவரும் நேரிற் சந்தித்ததேயில்லை. ஆயினும் நட்பு முறியவில்லை. 415ஆம் ஆண்டிலே அகுஸ்தீனார், ஆன்மாவின் தோற்றத்தைப் பற்றி விளக்கம் வேண்டி, மாணாக்கர் போலப் பெத்லகேமுக்கு ஆளனுப்பினார். அதே காலத்தில் பெலாகியரை மறுத்து ஜெரோம் எழுதிய நூலிலே பேதுருவின் பிழை மெய்யான பிழையாகவே பேசப்படுகிறது. அந்த மாற்றம் அகுஸ்தீனாரின் கண்ணுக்குத் தப்பவில்லை.

ஜெரோம் காலமாகிச் சில ஆண்டுகளின் பின், 427ஆம் ஆண்டளவில், எழுபது வயதைக் கடந்த அகுஸ்தீனார் தாம் எழுதிய நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து, அவற்றிலே பிழையெனக் கண்டவற்றைக் குறித்துத் தனி நூலாக வெளியிட்டார். முன்பு ஜெரோமிடம் வேண்டிய அதே காரியத்தைத் தமக்குத் தாமே செய்துகொண்டார்.